ஒரு நாள் படமும் நாலு வருடத் தாடியும்

சேதியைக் கொண்டுவந்தவர் சலூன்காரர். அவருக்குச் சொன்னவர் மாடிவீட்டு வாத்தியார். வாத்தியாருக்குச் சொன்னது வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மருமகன். அந்த மருமகனாவது படத்தை முழுசாகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை, பாதியில்தான் உள்ளே போனாராம். இப்படிக் கை மாறி வருகிற சேதிக்கு வழியிலேயே கண் காது மூக்கு எல்லாம் வைத்திருப்பார்கள் என்று தாடி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்குத் தெரியாதா என்ன. இருந்தும், ஒரு கன்னத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் விருட்டென்று நிமிர்ந்துவிட்டார்.

"ஆடாதீங்க, கையில கத்தி இருக்கு," என்றார் சலூன்காரர். "உங்க படம் அங்க ஓடுதாம்."

"எந்தப் படம்?"

"உங்களுக்கு என்ன பத்துப் படமா இருக்கு? இருக்கிறது ஒண்ணு. அதுவும் முடியாத படம்."

தாடி என்பது பெயர்தானே தவிர, மனிதருக்கு முகத்தில் ஒரு முடி கிடையாது. ஒன்றுவிட்டு ஒருநாள் சலூனுக்கு வந்து மழுங்கச் சிரைத்துக்கொண்டு போவார். தன் கையால் சவரம் செய்துகொள்வதை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் கை நடுங்குகிறது என்பார். அந்தக் கைதான் பகல் முழுவதும் மூக்குக்கண்ணாடி பிரேமுக்குள் லென்ஸை முடி இழை இடைவெளி இல்லாமல் பொருத்துகிறது. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், தாடியே இல்லாதவரை எதற்குத் தாடி என்கிறீர்கள் என்று கேட்பார்கள். பழைய ஆட்கள் சிரிப்பார்கள். கட்டிக்கொண்ட மனைவியே அந்தத் தாடியைக் கண்ணால் கண்டதில்லை.

சலூன்காரர் மிச்சத்தையும் சொன்னார். படம் நன்றாகத்தான் இருந்ததாம், ஆனால் கடைசியில் ஒரு குளறுபடியாம். ஒரே நாளில் நடக்கிற கதை. படம் பூராவும் சும்மா இருந்த அக்காக்காரி, கடைசிக் காட்சியில் நிறைமாத வயிற்றோடு வந்து நிற்கிறாளாம். காலையில் இல்லாத வயிறு சாயந்திரம் எங்கிருந்து வந்தது என்று வாத்தியாரின் மருமகன் தலையைப் பிய்த்துக்கொண்டாராம். பக்கத்து நாற்காலிக்காரர் அதற்கு ஏதோ பெரிய தத்துவம் சொன்னாராம்.

"அப்புறம் திரை இருட்டாயிடுதாம். அதுக்கப்புறம் வெறும் காலு. தரையில அஞ்சாறு காலு, யாரோ கைதட்டுற சத்தம். அவ்வளவுதான், படம் முடிஞ்சுபோச்சாம். இப்படியுமா ஒரு படத்தை முடிப்பாங்க?"

அந்தக் கால்களில் எது யாருடையது என்று தாடிக்குத் தெரியும். வெறுங்கால் அவருடையது. ரப்பர் செருப்பு டைரக்டருடையது. அந்த இரண்டுக்கும் நடுவில், வீங்கிப்போய், விரல்களில் சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்திருந்த கால் அவருடைய அக்காவுடையது.

"இந்தப் பக்கக் கன்னம் பாக்கி இருக்கு. பாதியோட எந்திரிச்சுப் போயிடாதீங்க," என்று சலூன்காரர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், அந்தப் படம் தொடங்கிய சமயத்தில், தாடி ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தார். முன்னால் வரிசை வரிசையாகப் பிரேம்கள், நாலு பக்கமும் நிலைக்கண்ணாடி, குளிர்ந்த காற்று. பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. லென்ஸைத் தீட்டும் சக்கரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு நாள் முழுவதும் சுற்றும். பிளாஸ்டிக் பிரேமைச் சூட்டில் காட்டி இளக்கி, லென்ஸை உள்ளே அழுத்தி, சட்டென்று குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். சூடு குறைந்தால் லென்ஸ் உட்காராது, கூடினால் பிரேம் கோணிக்கொள்ளும். நேரம் பார்த்துக் கையை எடுக்கிற வேலை.

ஒருமுறை கடும் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டுத் திரும்பியபோது முகம் காடாக இருந்தது. வந்த முதல் நாளே, காதில் மாட்டுகிற கால் உடைந்த கண்ணாடியோடு ஓர் ஆள் பின்னறை வரைக்கும் வந்துவிட்டார். பக்கத்து அச்சகத்தில் பிழை திருத்துபவர். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டப்பார்வைக் கண்ணைச் சுருக்கி, தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் இல்லை, என்ன ஆகும் என்ற கேள்வி இல்லை.

"இந்தத் தாடியை எடுத்துடாதீங்க," என்றார்.

அவர்தான் டைரக்டர். அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. ஊரில் எவன் எழுதியதிலும் பிழை கண்டுபிடிப்பது தொழில், தானாக ஒன்றைப் பிழையில்லாமல் செய்துவிட வேண்டும் என்பது வெறி. கதையை அங்கேயே, சக்கரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னார். பல வருடம் கழித்து ஒருவன் காலையில் தன் அக்கா வீட்டுக்கு வருகிறான். தாடியும் மீசையுமாக வந்தவனை அக்கா விருந்தாளி மாதிரி நடத்துகிறாள், சரியாகப் பேச்சே வருவதில்லை. சாயந்திரம் அவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தாடியை எடுக்கிறான். வெளியே வருகிறான். அப்போதுதான் அவள் அவனைத் தம்பியாகப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. காலையில் ஆரம்பித்துச் சாயந்திரம் முடிந்துவிடும்.

"ஒரு நாள் கதை. நாலஞ்சு ஞாயித்துக்கிழமை போதும்," என்றார் டைரக்டர்.

அந்த நாலைந்து ஞாயிற்றுக்கிழமை நாலு வருடம் ஓடியது.

கேமரா கல்யாண வீடியோ எடுப்பவருடையது. நண்பர் என்ற முறையில் இலவசமாக வந்தார், ஆனால் கல்யாண சீசன் வந்தால் கேமராவும் வராது, அவரும் வரமாட்டார். மழை வந்தால் ஜன்னலில் வெளிச்சம் வராது. அச்சகத்தில் பாடப்புத்தக வேலை குவிந்தால் டைரக்டரே வரமாட்டார். மூன்றும் ஒத்து வருகிற ஞாயிற்றுக்கிழமையில், படப்பிடிப்பு நடந்த தாடியின் சொந்த அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டைரக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, இன்னும் ஒரே ஒரு நாள் வேலைதான் பாக்கி என்பார். அதனால் அவருக்கு ஒருநாள் என்றே பெயர் விழுந்துவிட்டது. அக்கா கதவைத் திறந்து, "ஒருநாள் வந்தாச்சு, பால் இன்னும் வரல," என்பாள்.

அக்காவை நடிக்கவைக்க யாரும் நினைக்கவில்லை. நாடகத்தில் நடிக்கிற ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். அவள் வந்து, இரண்டு அறை வீட்டையும், மேசை விளக்கில் துணி சுற்றிச் செய்த லைட்டையும், வயரில் தடுக்கி விழுந்த டைரக்டரையும் பார்த்துவிட்டு, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனவள்தான். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தேநீர்த் தட்டோடு வந்த அக்காவை அந்த இடத்தில் நிற்கச் சொன்னார்கள். அவள் தட்டைப் பிடித்தபடி நின்று தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். வீடியோக்காரர் கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமலேயே, இதுவே போதுமே என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வயது ஏறவில்லை. கதை ஒரே நாளில் நடப்பதால் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். நாட்காட்டியில் தாளைக் கிழிக்கக்கூடாது என்று உத்தரவு. அதைப் பார்த்தே பழகிப்போன அக்கா மின்கட்டணம் கட்டத் தவறி, ஒரு வாரம் மெழுகுவர்த்தியில் குடும்பம் நடந்தது. லாரி ஓட்டும் அக்கா வீட்டுக்காரர், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து இரண்டு தடவை லோடு ஏற்றும் நேரத்தைத் தவறவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். "எல்லா வீட்டுலயும் பொண்டாட்டிக்கு வயசாகுதுன்னு கவலை. எங்க வீட்டுல ஆக விட மாட்டேங்கிறானுங்க," என்று மட்டும் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரர் சுவருக்கு இலவசமாகச் சுண்ணாம்பு அடிக்க வந்தபோது, காலில் விழாத குறையாக அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சுண்ணாம்பு வேண்டாம் என்று கெஞ்சிய குடித்தனக்காரர்களை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு எதிர்ப்புறம் இருந்த வெற்றிடத்தில் ஒரு கட்டடம் கிளம்பி, மாடி மேல் மாடியாக ஏறியது. அதை நிறுத்த முடியாது. அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதைக்குள் வெயில் அதிகம் என்று வசனத்தை மாற்றினார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை தாடி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சலூனில் போய் அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வர வேண்டும். அளவு தெரிவதற்காக முதல் நாள் எடுத்த புகைப்படத்தைச் சலூன் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, போலீஸ் தேடுகிற ஆளா என்று தணிந்த குரலில் கேட்பார்கள். ஆமாம், கொஞ்ச நேரத்தில் வருவார், உட்காருங்கள் என்பார் சலூன்காரர்.

கடை முதலாளி அவரைப் பின்னறையிலேயே வைத்திருந்தார். முன்பக்கம் நிற்க ஆள் தேவை, கைராசியும் வாய்ராசியும் உள்ள ஆள் இவர், ஆனால் அந்தத் தாடியோடு நின்றால் வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்களா, இவரைப் பார்ப்பார்களா என்பது முதலாளியின் கட்சி. எடுத்துவிட்டு வா, நாளைக்கே முன்னால் வா என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை ஏதாவது சாமியார் கூட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். படத்துக்காக என்று அக்கா சொன்னாள். எந்தப் படம், எப்போது வரும் என்றார்கள். அந்த இடம் தட்டிப்போனது. அடுத்த இடமும் போனது.

கஷ்டம் என்று சொன்னால் அவ்வளவும் கஷ்டம்தான். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது தாடிக்கு அந்தக் கஷ்டம் ஒன்றும் முன்னால் வந்து நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தனிப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை அக்கா எடுத்துக் கொடுக்கும்போது வருகிற பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வரும். ஒரு கதவைத் திறந்து உள்ளே வருவதைக் காலையிலிருந்து மதியம் வரை திரும்பத் திரும்ப எடுத்த நாள் வரும். கடைசியில் தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வசனத்தைத் தொடர்ந்து பேச, டைரக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு தரையில் உருண்டார். பகல் எல்லாம் அடுத்தவன் முகத்துக்குக் கண்ணாடி பொருத்துகிறவனை, வாரத்தில் ஒருநாள் நாலு பேர் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். அது லேசான விஷயமா?

நாலாவது வருடம் அக்கா உண்டானாள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வந்த பிள்ளை. வீட்டில் சந்தோஷம் பொங்கியது. டைரக்டரும் சந்தோஷப்பட்டார், பிறகு தனியாகப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் கதையில் எப்படி வயிறு வளரும்? அதிலிருந்து அக்காவை எடுத்த எல்லாக் காட்சிகளிலும் வயிற்றுக்கு முன்னால் ஏதாவது ஒன்று வந்தது. முதலில் தேநீர்த் தட்டு. பிறகு துணிக்கூடை. பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவு. கடைசியில் எதைப் பிடித்தும் மறையாமல், மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தே எடுத்தார்கள். "என் பிள்ளையைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீங்களேடா," என்று அக்கா திட்டுவாள். திட்டிவிட்டுத் துணிக்கூடையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, தாடி எடுக்கிற காட்சி ஒன்றுதான் பாக்கி. முதலில் எடுத்தால் மற்றது எதையும் எடுக்க முடியாது என்பதால் அதைக் கடைசிக்கென்றே வைத்திருந்தார்கள். ஒரே தடவைதான் எடுக்க முடியும். நாலு வருடத் தாடி, இன்னொன்று கிடையாது. சேதி கேள்விப்பட்டுச் சலூன்காரரும் வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே நின்று சண்டை பிடித்தார். "நாலு வருஷம் தண்ணி பாய்ச்சினவன் நான். அறுவடை மட்டும் நீங்களே பண்ணிக்குவீங்களா?" கதையில் அவன் தானாகத்தான் எடுத்துக்கொள்கிறான் என்று டைரக்டர் விளக்கி, கத்தியைத் தீட்டிக்கொடுக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்.

கல்யாண வீட்டில் வீடியோக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான நேரம் நெருங்கினால், யாரும் சொல்லும் முன்பே பொத்தானை அழுத்தி ஓடவிட்டுவிடுவார். தவறவிட்டால் திரும்ப வராது என்பது அவர் அனுபவப் பாடம். படத்துக்கு வேறு பழக்கம். டைரக்டர் ஸ்டார்ட் சொன்னால்தான் அழுத்துவார். இந்த நாலு வருடத்தில் ஒருமுறைகூட இரண்டும் கலந்ததில்லை. அன்று, திரும்ப வராத நேரம் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரும் தயாராகிக்கொண்டிருந்தபோதே பொத்தானை அழுத்திவிட்டார். கேமரா ஓடத் தொடங்கியது. யாருக்கும் தெரியாது.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டுத் தாடி உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அன்று காட்சி இல்லை. அதனால் தட்டு இல்லை, கூடை இல்லை, முழு வயிற்றோடு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்து, தம்பியின் கழுத்தில் துண்டைக் கட்டினாள். தாடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகு தன் வயிற்றைத் தட்டி, உள்ளே இருக்கிற ஆளிடம் பேசினாள்.

"நல்லாப் பாத்துக்க. இதுதான் உன் மாமா. இந்த மூஞ்சியைக் கடைசியா ஒரு தடவை பாத்துக்க, அப்புறம் இப்படி ஒரு ஆளு இருந்தான்னு சொன்னா நீ நம்ப மாட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நகர்ந்தாள். டைரக்டர் ஸ்டார்ட் என்றார். வீடியோக்காரரின் விரல் பழக்கப்படி பொத்தானை அழுத்தியது. ஓடிக்கொண்டிருந்த கேமரா நின்றது.

தாடி அன்று நடித்ததுபோல் என்றும் நடித்ததில்லை. அது அவருக்கே தெரிந்தது. கத்தி முதல் முறை கன்னத்தில் இறங்கியதும், கண்ணாடிக்குள் தன்னுடைய பழைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்த்துக் கேமரா இருப்பதையே மறந்துபோனார். முடித்துவிட்டு எழுந்து திரும்பியபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள், கேமராவுக்கு வெளியே. கட் என்றார் டைரக்டர். விரல் மறுபடி அழுத்தியது. நின்றிருந்த கேமரா ஓடத் தொடங்கியது. வீடியோக்காரர் அதை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து கத்தினார். கேமரா தரையைப் பார்த்தது. கால்கள், நுரைத் துளிகள், கைதட்டல்.

போட்டுப் பார்த்தபோது எல்லோரும் கேமராவின் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். அக்கா வயிற்றோடு வந்தாள், துண்டு கட்டினாள், பேசினாள். ஒரு கணம் இருட்டு. பிறகு கால்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. வீடியோக்காரர் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். தேடினால் வந்துவிடும் என்பதுபோல.

டைரக்டர் குளியலறைப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் நுரைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வந்து தாடிக்கு முன்னால் நின்றார்.

"இன்னொரு தடவை வளத்துடு. மத்த எதையும் தொட வேணாம். வளந்தப்புறம் ஒரே ஒரு நாள் வேலைதான்."

தாடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிஜமாகவே கேட்கிறார் என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது. முதலாளிக்கு நாளை முன்பக்கம் நிற்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு பெண்ணின் அப்பா கடைக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"என் மூஞ்சி என்ன உன் வீட்டுக் கொல்லையா? வெட்டு வளரு, வெட்டு வளருங்கிற. வேற ஆளைப் பாரு."

"வேற ஆள் எப்படி? படம் பூரா நீதானே இருக்க."

"என் தாடிதான் இருக்கு. எவன் மூஞ்சியில வேணா ஒட்டிக்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அது போயிடுச்சு. இனி உன்னை வச்சு நான் என்ன பண்ண?"

அடி என்றால் அது அடி. நாலு வருடம் தன்னைப் பார்த்தார்கள் என்று நினைத்திருந்தவருக்கு, தாடியைத்தான் பார்த்தார்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இனி நீ இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டு இறங்கினார். மறுநாள் அக்கா அவர் அறைக்கு வந்தாள். மாடி ஏறிய மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, "வளத்துடேன்டா. அவன் வாய் தவறிச் சொன்னது. தாடி தானே, காசா பணமா," என்றாள். அக்கா கேட்டு அவர் இல்லை என்று சொன்னது அது ஒன்றுதான்.

பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. அக்கா கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டாள். நாட்காட்டியை மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினாள். தாடி முன்பக்கம் நின்றார், வந்து பார்த்த பெண்ணின் அப்பாவுக்குப் பிடித்துப்போனது, கல்யாணம் நடந்தது. பிறகு தனியாக ஒரு சின்னக் கடையும் போட்டார். டைரக்டர் பெட்டியில் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனார், பிறகு நாட்டை விட்டும் போனார் என்று யாரோ சொன்னார்கள்.

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது அக்கா நோயில் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த வீட்டில் போன் அடித்தது. நீண்ட எண், வெளிநாட்டுடையது. யார் என்று தாடிக்குத் தெரியும். வேறு யார் அப்படிக் கூப்பிடப்போகிறார்கள்? போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நின்றது. மறுபடி அடித்தது. மறுநாளும் அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

லாரியோடு ஊர் சுற்றும் அப்பாவால் குழந்தையை வைத்துக்கொள்ள முடியவில்லை. தாடியின் வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது கல்லூரிப் படிப்பு முடித்து, மாமாவின் கடையிலேயே முன்பக்கம் நிற்கிறாள். அம்மாவின் புகைப்படங்கள் அவளிடம் சில இருக்கின்றன, எல்லாம் விறைப்பாக நின்று எடுத்தவை. பள்ளியில் படிக்கும்போது ஒருநாள், "அம்மா குரல் எப்படி இருக்கும் மாமா? அத்தை குரல் மாதிரியா?" என்று கேட்டாள். இல்லை என்றார். வேறு எப்படி என்றாள். அவரால் சொல்ல முடியவில்லை. அக்காவின் குரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதையும் சொல்லவில்லை. சொன்னால், வாங்கித் தா என்பாள். வாங்க வேண்டுமானால் அந்த ஆளைக் கூப்பிட வேண்டும்.

சலூனிலிருந்து வந்தவர் நேராகக் கடையின் உள்பக்கம் போய்ச் சக்கரத்தைப் போட்டார். ஒரு லென்ஸை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். அளவு தாண்டிப் போய்விட்டது. பதினெட்டு வருடக் கடையில் அவர் வீணாக்கிய லென்ஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்கா மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, சலூன்ல கன்னத்தோட கவனத்தையும் சிரைச்சு விட்டுட்டாரா?"

அவர் சக்கரத்தை நிறுத்தினார். அவளை முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தாடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். கடிகாரம், நாட்காட்டி எல்லாம் அவள் துண்டு துண்டாகக் கேட்டதுதான், சிரித்தாள். துணிக்கூடை வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அக்கா வயிற்றைத் தட்டிச் சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டினார். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் வந்தது அவருடைய குரல்.

அவள் கண்ணாடி துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள்.

"அப்போ அந்தப் படத்துல நானும் இருக்கேன்," என்றாள்.

"இருக்க."

"அம்மா எங்கிட்டப் பேசுறாங்க."

"ஆமா."

"இதை ஏன் மாமா இவ்வளவு நாளா சொல்லல?"

அவர் தாடையைத் தடவினார். இல்லாத தாடியை உருவிவிடுகிற அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. அவள் விடை வருமென்று காத்திருக்கவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். அந்தக் காலத்துப் பிள்ளைகளாக இருந்தால் வாத்தியார், மருமகன் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும். இவள் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். படத்தைத் திரையிட்ட சங்கத்தின் இணையப் பக்கத்தில் டைரக்டரின் புகைப்படம் இருந்தது. தலை முழுவதும் நரை. அதே தடிமனான கண்ணாடி. கண்ணாடி மூக்கில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. இடது கால் ஒரு நூல் தூக்கியிருக்கிறது, யாரும் இவருக்குச் சரியாகப் பொருத்திக் கொடுக்கவில்லை என்று தாடி நினைத்தார். புகைப்படத்துக்குக் கீழே ஓர் எண்.

"நான் பேசட்டுமா?" என்றாள்.

"வேணாம். நான்தான் பேசணும்."

அங்கே இப்போது என்ன நேரம் என்று கேட்டார். காலை என்றாள், எழுந்திருப்பார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவர் யோசித்தார். நான்தான் என்றால் யார் என்று தெரிய வேண்டுமே. தன் சொந்தப் பெயரை அந்த ஆள் எப்போதாவது கேட்டிருக்கிறாரா என்பதே சந்தேகம். தாடி பேசுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வளர்த்துவிடட்டுமா, இன்னும் ஒருநாள் வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பாரா? முன்பெல்லாம் சிரித்திருப்பார், தலையணையைக் கடித்துக்கொண்டு.

எண்ணை அழுத்தினார். அவள் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு தூரத்தில் எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது. நீளமாக ஒன்று. இடைவெளி. மறுபடி ஒன்று. வாசலில் ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்து நின்றார். அக்கா மகள் அவரைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையால் சைகை காட்டினாள். வந்தவர் எதுவும் விளங்காமலே அசையாமல் நின்றார்.

"எடுப்பாரா மாமா?"

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியபடி நின்றிருந்தார். ஸ்டார்ட் என்ற குரல் வருவதற்கு முன்னால் அக்கா வீட்டில் அப்படித்தான் நிற்பார்.

மணி இன்னொரு முறை அடித்தது.